பழகிரும்

போன தை மாதம் ஒன்பது பெட்டைக் கோழிகளும் ஒரு சேவலும் எங்கள் வீட்டுக்கு வந்தன. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே, மலையடிவாரத்தில், மம்சாபுரம் பக்கம் நான் கட்டியிருக்கும் சிறிய வீடு. கால்களைக் கட்டிச் சாக்கில் போட்டு ஆட்டோவில் கொண்டுவந்த கோழிகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உடனே கட்டை அவிழ்த்துவிடப் போனேன். பக்கத்து வீட்டு அக்கா வேகமாக வந்து தடுத்தார்.

"இப்ப விட்டீங்கன்னா எந்தப் பக்கம் போகும்னே தெரியாது டீச்சர். ஒரு வாரம் கூட்டுலயே அடைச்சு வையுங்க. இரையும் உள்ளயே, தண்ணியும் உள்ளயே. கழிச்சல் கிழிச்சல் இருந்தாலும் தெரிஞ்சிரும், எங்க கோழிக்கும் ஒட்டாது. எட்டாம் நாள் பொழுது சாயுறப்போ தொறந்து விடுங்க. இருட்டுனா அதுக்குக் கண்ணு தெரியாது, தூரமாப் போகாது. பழகிரும்."

அவர் சொன்னபடியே செய்தேன். முதல் இரண்டு நாள் அவை சரியாக இரை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஒன்றையொன்று கொத்திக்கொண்டு, யார் முதலில் தின்பது, யார் உயரத்தில் உட்காருவது என்று தங்களுக்குள் தீர்த்துக்கொண்டன. எட்டாம் நாள் சாயங்காலம் கதவைத் திறந்தேன். தயங்கித் தயங்கி வெளியே வந்து குப்பையைக் கிளறின. இருட்டும் முன் பத்தும் தாமாகவே கூட்டுக்குள் ஏறிவிட்டன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியாம்மா, ஒரே வாரத்துல பழகிருச்சு" என்றேன்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டாள்: "எனக்கு எப்பம்மா எட்டாம் நாள்?"

அம்மா அங்கு வந்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. ராஜபாளையத்தில் நாற்பத்தொன்பது வருடம் வாழ்ந்த வீடு, அப்பா இறந்த பிறகு பூட்டப்பட்டது. அம்மாவுக்கு எழுபத்தொரு வயது, ஒரு கண்ணில் புரை, ஒருமுறை ராத்திரி வழுக்கி விழுந்திருக்கிறாள். அவள் தனியாக இருக்க முடியாது என்று வெளியூரில் இருக்கும் அண்ணனும் நானும் போனிலேயே முடிவு செய்தோம். பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது. அம்மாவைக் கேட்டுத்தான் அழைத்து வந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால், "தனியா எப்படிம்மா இருப்ப?" என்பதைத் தவிர அவளிடம் நான் வேறெதுவும் கேட்டதாக நினைவில்லை. அது கேள்வியே இல்லை. அந்த வீட்டின் சாவி என் பீரோவில் இருந்தது. கல்லூரிக்குக் கிளம்பும்போது வெளிக் கேட்டையும் பூட்டிக்கொண்டு போவேன். ரோட்டில் பஸ் வேகமாக வரும் என்பது காரணம்.

கோழி வாங்கியதும் அவளுக்காகத்தான். ராஜபாளையம் வீட்டுப் புழக்கடையில் முப்பது வருடம் கோழி வளர்த்தவள். முட்டை விற்ற காசு அஞ்சறைப் பெட்டியின் அடியில் இருக்கும். அப்பா அதற்குக் கணக்குக் கேட்டதில்லை. நான் எம்.ஏ. படித்தபோது தேர்வுக் கட்டணம் கட்டியது அந்தக் காசில்தான். சில ஆண்டுகளுக்கு முன் தமிழக அரசு கிராமப்புற ஏழைப் பெண்கள் 77,000 பேருக்குத் தலா 50 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தபோது, ஒரு வீட்டில் பெண்ணின் கைக்கு நேரே வரும் காசு எது என்பதை யாரோ சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கோழி இருந்தால் அம்மா இந்த வீட்டில் ஒட்டிக்கொள்வாள் என்பது என் கணக்கு. கூட்டுக்குள் குருணை போட்டதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பிறந்த வீடு, புகுந்த வீடு என்ற இரண்டு சொற்கள் நம் மொழியில் பெண்ணுக்கு மட்டுமே உண்டு. ஆணுக்கு வீடு என்று ஒரே சொல்தான். புகுந்த வீட்டில் அழும் பெண்ணைப் பற்றி எல்லோரும் சொல்வது, "கொஞ்ச நாளில் பழகிவிடும்" என்பதே. பழகியும்விடுகிறது. பழகியதையே சம்மதத்துக்குச் சான்றாகவும் காட்டுகிறார்கள். நார்வே நாட்டு அறிஞர் யோன் எல்ஸ்டர் 1983இல் எழுதிய நூலுக்கு எட்டாத திராட்சையைப் புளிக்கும் என்று சொன்ன நரியின் கதையிலிருந்தே தலைப்பு வைத்தார். கிடைக்காததை வேண்டாம் என்று சொல்ல மனம் எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பது அவருடைய கேள்வி. மார்த்தா நுஸ்பாம் 2000இல் வெளியிட்ட நூலில் இதே கேள்வியை இந்தியப் பெண்களின் வாழ்க்கையோடு சேர்த்துப் பேசினார். ஒரு பெண் தனக்குக் குறையில்லை என்று சொல்வதை மட்டும் வைத்து அவளுக்கு நியாயம் கிடைத்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

ஆனால் அடைத்து வைப்பதெல்லாம் தவறு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. குறுந்தொகையின் 139ஆம் பாடலை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் நடத்துகிறேன். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. மாலை நேரத்தில் வீட்டருகே காட்டுப்பூனைகள் வருவதைக் கண்ட தாய்க்கோழி, எங்கே நுழைவதென்று தெரியாமல் ஒன்றாகக் கூடி நிற்கும் குஞ்சுகளைப் பதறி அழைக்கிறது. ஊர்ப்பெண்கள் தூற்றும் சத்தத்துக்கு அந்தக் கதறலைத் தோழி உவமையாகச் சொல்கிறாள். இத்தனை வருடம் நான் அந்த உவமையின் நயத்தை மட்டும் பேசிவந்தேன். இங்கே வந்தபின்தான் பூனை உண்மை என்பது உறைத்தது. எங்கள் தோப்புக்கும் கீரி வருகிறது. புகும் இடம் தெரியாத கோழி ஒரு ராத்திரி தாங்காது. அம்மாவின் கண்புரையும் உண்மை, ரோட்டில் வரும் பஸ்ஸும் உண்மை.

விடியற்காலையில் மலைப்பக்கமிருந்து காட்டுச்சேவல் கூவுவது கேட்கும். 1988இல் அணில்களுக்கான சரணாலயமாகி, 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமான காடு அது. நம் வீட்டுக்கோழியின் முன்னோரான சிவப்புக் காட்டுக்கோழி, தென்கிழக்கு ஆசியாவில் சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன், மனிதர்கள் விளைவித்த தானியத்தைத் தேடி ஊர்ப்பக்கம் வந்து பழகியிருக்கலாம் என்று 2022இல் வெளியான ஆய்வு சொல்கிறது. தானாக வந்ததா, பிடித்துக் கட்டப்பட்டதா என்று அந்த முதல் கோழியிடம் கேட்க வழியில்லை. என் பத்துக் கோழிகளிடமும் கேட்க வழியில்லை. அதனால் அவற்றுக்காக நான் முடிவெடுக்கிறேன், அந்த முடிவுக்கு நானே பொறுப்பு.

அம்மாவிடம் கேட்க வழி இருந்தது. நான் கேட்கவில்லை. என் தவறு அதுதான். ஆபத்து இருப்பது ஒருவரை எச்சரிப்பதற்குக் காரணமாகலாம், துணைக்குப் போவதற்கும் காரணமாகலாம். பதில் சொல்லத் தெரிந்தவரைப் பதில் சொல்லத் தெரியாதவர்போல நடத்த அது காரணமாகாது. புதுமணப் பெண்ணுக்கும், விடுதியில் சேர்க்கும் மகளுக்கும், வயதான தாய்க்கும் நாம் இதைத்தான் செய்கிறோம். அன்பு இருக்கும் இடத்தில் யாரும் இதைக் கட்டிப்போடுவது என்று சொல்வதில்லை, பார்த்துக்கொள்வது என்கிறோம். பெண்ணியம் படித்தவள், அதைப் பாடமாக நடத்துகிறவள், இதற்குள் எத்தனை சுலபமாகப் போய்விட்டேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

மறுநாள் காலையில் பீரோவைத் திறந்து சாவியை அம்மாவிடம் கொடுத்தேன். நானும் கூட வருகிறேன் என்றேன். "எதுக்கு? பஸ்ஸு தெரியாதா எனக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான்கு நாள் அங்கே இருந்தாள். தினமும் சாயங்காலம் போனில், "எண்ணுனியா? பத்தும் ஏறிருச்சா?" என்று கேட்டாள். ஐந்தாம் நாள் திரும்பி வந்து, சாவியைத் தன் சுருக்குப்பையிலேயே வைத்துக்கொண்டாள். இப்போது மாதத்தில் பத்து நாள் அங்கே, மிச்ச நாள் இங்கே. அண்ணனுக்கு இதில் இன்னும் வருத்தம். கேட்டை நான் பூட்டுவதில்லை.

நேற்று ராத்திரி அவள் ராஜபாளையத்தில் இருந்தாள். ஒன்பது மணிக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வழுக்கி விழுந்த அந்த ராத்திரிதான் கண்முன் வந்தது. ஒன்பதரைக்கு அவளே கூப்பிட்டாள். எதிர்வீட்டில் பேசிக்கொண்டு இருந்தாளாம். அந்த அரை மணி நேரப் பயம் இனி அடிக்கடி வரும். அதற்குப் பழகவேண்டியவள் நான்தான்.