ஒரு புள்ளி வைத்த கதை

பேத்தி கணினியில் வரைபடம் ஒன்று அமைத்துக்கொண்டிருந்தாள். உரோமிலிருந்து செங்கடல் வழியாகத் தமிழகக் கரை வரையில் பழைய துறைமுகங்களைப் புள்ளிகளாக வைத்து, அவை வாழ்ந்த காலத்தைக் கீழே கோடாக இழுக்கவேண்டும்.

"தாத்தா, சோபட்மாவை எங்கே வைக்கட்டும்?"

"மரக்காணத்தில் வை, அம்மா" என்றேன், சற்றும் தயங்காமல்.

தயங்கியிருக்க வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல் இக்கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகளைச் சொல்கிறது. பொதுகே, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது இத்தாலியச் செந்நிற மட்கலத் துண்டுகள் கிடைத்தன. சோபட்மாவின் வழக்கு வேறு. 'சோ' என்றாலும் 'எயில்' என்றாலும் மதில்தான். ஆகவே சோப்பட்டினம், சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம். அதுவே மரக்காணம் என்பது சிலர் வாதம். அழகான வாதம், ஆனால் வாதம்தான். வேறு ஊரைக் காட்டுவோரும் உண்டு.

காலக்கோடும் அப்படியே. அரிக்கமேட்டு வாணிகம் கிறிஸ்து பிறந்த காலத்தை ஒட்டித் தொடங்கியது என்றார் வீலர். 1989 முதல் 1992 வரை அங்கே அகழ்ந்த விமலா பெக்லி அந்த ஊரின் தொடக்கத்தை இன்னும் முன்னே கொண்டுபோனார்.

கட்டுரை எழுதினால் 'இருக்கலாம்' என்று ஒரு சொல் சேர்த்து நாம் தப்பித்துக்கொள்ளலாம். புள்ளிக்கு அந்த வசதி இல்லை. உரோமும் அதே புள்ளி, என் ஆசையும் அதே புள்ளி. நான் சொன்னது பொய்யல்ல. ஆனாலும் அதைக் காண்கிற குழந்தை பொய்யைத்தானே நம்பும்?

ஏன் சொன்னேன்? நம் பக்கத்து ஊரை ஒரு யவனன் பெயர் சொல்லி எழுதினான் என்ற பெருமை. அவன் சொல்லாவிட்டால் மரக்காணத்துக்கு மதிப்பில்லையா?

மறுவாரம் அந்த உப்பளங்களின் வரப்பில் நடந்தேன். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த முதியவரிடம், "இது எப்போது விளையும், பெரியவரே?" என்று கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

"வெயில் இப்படியே நின்னா ரெண்டு நாளுங்க. மழை வந்தா, சொல்ல முடியாதுங்க."

ஆயுள் முழுதும் உப்போடு வாழ்ந்தவர், தெரியாததைத் தெரியாது என்கிறார்!

வீட்டுக்கு வந்ததும் பேத்தியிடம் உண்மையைச் சொன்னேன். சில ஆய்வாளர்கள் இடத்தோடு உறுதியின் அளவையும் பதிந்து வைக்கிறார்கள் என்றேன். சிறிது யோசித்தாள். பிறகு மரக்காணத்துப் புள்ளியின் நடுவை அழித்து, வெறும் வளையமாக விட்டாள்.

"இது போதுமா, தாத்தா?"

போதும் என்றேன்.