உடல் மாறும்போது கடந்து வருவது எது

பிறப்பு மாறும்போது உயிர் எதை உடன்கொண்டு வருகிறது, எதை இழந்து வருகிறது என்னும் வினா சைவ சித்தாந்தத்தின் நடுவே நிற்பதாகும். முற்பிறவியின் நினைவு எவருக்கும் இல்லை. ஆயினும் அங்கே செய்த வினை இங்கே இன்பமும் துன்பமுமாக நுகரப்படுகிறது என்று அந்நெறி கொள்கிறது. நினைவு அறுந்த இடத்தில் வினை மட்டும் அறாமல் வந்தது எவ்வாறு என்பதற்கு அது விடை சொல்லியாக வேண்டும்.

இவ்வினாவைக் கொல்லிமலையோடு சேர்த்துப் பார்க்க இடமுண்டு. கிழக்குத் தொடர்ச்சி மலையில் இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் அமைந்த அம்மலை, இவ்வினாவின் இரு முனைகளையும் தொடும் இரண்டு மரபுகளைக் காத்து வந்திருக்கிறது. ஒன்று, சங்கப் பாடல்கள் தெய்வம் அமைத்ததாகப் போற்றும் கொல்லிப்பாவை. அங்கே தங்கிய முனிவர்களையும் தேவர்களையும் அரக்கரிடமிருந்து காக்க நிறுவப்பட்ட அப்பெண்ணுருவம், அரக்கர் வாடை பட்டதும் நகைத்து, மயக்கி, அவர்களைக் கொல்லும் என்பது பிற்காலக் கதை. மற்றொன்று சித்தர் மரபு. அறப்பளீசுவரர் கோயிலையும் ஆகாய கங்கை அருவியையும் அடுத்த காட்டில் கோரக்கர், காலாங்கிநாதர் பெயர்களால் வழங்கும் குகைகள் உள்ளன. ஓர் உடலை விட்டு மற்றோர் உடலில் புகும் கூடுபாய்தல் இத்தகைய சித்தர்களுக்கு உரிய ஆற்றலாகச் சொல்லப்படுகிறது.

கணினிக்குள் ஒரு நிரல் மற்றொரு நிரலை இயக்கும் முறை, இம்மரபுகள் எழுப்பும் வினாவைக் கூர்மையாக்க உதவுகிறது. 1969 இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளத்திலும் அதன் வழிவந்தவற்றிலும், ஓட்டத்தில் இருக்கும் நிரலுக்குப் பிராசஸ் என்று பெயர். அதற்கு ஓர் அடையாள எண் உண்டு. அந்த நிரல் எக்ஸெக் என்னும் அழைப்பை விடுக்கும்போது அதன் கட்டளைகளும் நினைவகத்தில் அது வைத்திருந்த அனைத்தும் நீக்கப்பட்டு, அதே எண்ணின்கீழ் வேறொரு நிரல் ஓடத் தொடங்குகிறது. பழைய நிரல் தெரிந்தெடுத்துக் கொடுத்த சொற்களின் பட்டியல் ஒன்று புதியதன் கைக்கு வந்து சேர்கிறது. ஆர்கியுமென்ட்கள் எனப்படுபவை அவையே. கூடவே, பெரும்பாலும் எவரும் தனித்துச் சொல்லாமல் முன்னிருந்தே தொடரும் சூழல் மாறிகளும் வருகின்றன. இவற்றுள் முன்னதை நுகர வந்த வினைக்கும் பின்னதை முற்பழக்கத்தின் பதிவாகிய வாசனைக்கும் நிகராகக் கொள்ளலாம். எக்ஸெக் வெற்றி பெற்றால் அது அழைத்த நிரலிடம் ஒருபோதும் திரும்புவதில்லை என்பதும் எண்ணத்தக்கது. திரும்பிப் பெற்றுக்கொள்ள அங்கே அந்த நிரல் இல்லை.

பழைய நிரல் அழிகிறது, புதியது இன்னும் பிறக்கவில்லை. அப்படியானால் அச்சொற்களைக் கொண்டு சேர்ப்பது யார்? சொற்கள் தாமே நகர வல்லவை அல்ல. இயங்குதளத்தின் கருவாகிய கெர்னல், பழைய நினைவகம் நீங்குமுன் அவற்றைப் படியெடுத்துப் புதிய நிரலின் நினைவகத்தில் வைக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞான போதத்தின் இரண்டாம் சூத்திரம் இருவினைக்கு ஏற்ப உயிர்கள் போய் வருவதை இறைவனின் ஆணையோடு சேர்த்துப் பேசுவதும் இதே இடைவெளியை நிரப்புவதற்காகத்தான். வினை தானே பயன் தரும், தருவதற்கு ஒருவன் வேண்டா என்ற மீமாஞ்சகர் கொள்கையைச் சித்தாந்திகள் மறுத்தனர். வினை சடம், அதாவது அறிவற்றது. செய்தவன் இன்னான் என்று அறிந்து அவனைத் தேடிச் சென்று சேர அதனால் இயலாது என்பது அவர்கள் வாதம். எக்ஸெக்கைப் பார்த்த பின் இவ்வாதத்தை வெறும் தருக்க நுட்பம் என்று ஒதுக்குவது கடினம்.

சேர்ப்பதில் எல்லை காப்பதும் அடங்கும். நல்வினையும் தீவினையும் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதில்லை, தனித்தனியே நுகரப்படும் என்பது இந்நெறியின் துணிபு. யூனிக்ஸ் வழியில் ஒவ்வொரு சொல்லும் எங்கே முடிகிறது என்பதை அனுப்பும் நிரலே வரையறுத்துவிடுகிறது. இடைவெளியோடு கூடிய கோப்புப் பெயரும் ஒரே பொருளாகவே போய்ச் சேர்கிறது. விண்டோஸில் முழுக் கட்டளையும் ஒரே வரியாகச் செல்ல, அதைப் பிரித்துக்கொள்வது பெறும் நிரலின் பொறுப்பாகிறது. அனுப்பியதும் பெற்றதும் வேறுபடும் பிழைகள் பலவற்றுக்கு அதுவே வாயில். எல்லை குலைந்தால் நேர்வது என்ன என்பதை லினக்ஸ் தளத்தின் பிகேஎக்ஸெக் நிரல் காட்டியது. 2009 முதல் அதில் மறைந்திருந்து, 2022 ஜனவரியில் வெளிப்பட்ட குறை இது: ஒரு சொல்லும் இல்லாத வெறும் பட்டியலோடு அந்நிரல் அழைக்கப்பட்டால், பட்டியலின் எல்லையைத் தாண்டிச் சூழல் மாறியைத் தனக்கு இட்ட சொல்லாக அது படித்துவிடும், அவ்வழியே எளிய பயனர் ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் பெற முடிந்தது. பட்டியல் ஒருபோதும் வெறுமையாக இராதபடி கெர்னலே பின்னர் திருத்தப்பட்டது.

கூடுபாய்தல் எக்ஸெக்குக்கு மறுதலையானது. பெரிய புராணம் கூறும் திருமூலர் வரலாற்றில், சாத்தனூரில் இறந்து கிடந்த ஆயன் மூலன் உடலில் புகுந்த யோகியார் தம் அறிவு முழுவதோடும் புகுந்தார்; மாறியது அவர் உடலே. ஆனால் வெளியே நின்ற மூலன் மனைவிக்கு உடல் மாறவில்லை, உள்ளிருந்தவரே மாறினார். அவ்வாறே, தான் பிறப்பித்த பிராசஸை அதன் எண்ணால் மட்டும் அறிந்து, அது முடியக் காத்திருக்கும் தாய்ப் பிராசஸ், இறுதியில் பெறுவது உள்ளே புகுந்த புதிய நிரலின் விடையைத்தான். ஒருவரை இன்னாரென்று அடையாளம் காண உடல் போதுமா என்னும் வினா அப்பெண்ணின் துயரில் இருக்கிறது. 

ஒப்புமை நிற்கும் எல்லையும் சொல்லப்பட வேண்டும். கெர்னல் தான் சுமப்பதன் பொருளை எடைபோடுவதில்லை. ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லும் சொல்லையும் அழிக்கச் சொல்லும் சொல்லையும் ஒரே வகையில் வைத்துவிட்டு அகல்கிறது. சித்தாந்தம் சொல்லும் இறைவனோ உயிர் பக்குவப்படும் பொருட்டே வினையை ஊட்டுகிறான். அங்கே சேர்ப்பிப்பதே அருள்.

இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டால் கொல்லிப்பாவையின் நிலை தெளிவாகிறது. அது தன்முன் வந்த வாடைக்கு ஏற்பச் செயல்பட்டது. தேரவில்லை, வெறுக்கவும் இல்லை. கொலை நிகழ்ந்தாலும் அவ்வினை பாவையைச் சேராது, ஏனெனில் நுகர்வதற்கு அதனிடம் உயிர் இல்லை. அவ்வினை பாவையை நிறுவியவர்களையே சேரும். ஒரு நிரல் மற்றொன்றை ஏவ, அது இன்னொன்றை ஏவ, இறுதியில் மனிதர் ஒருவரின் ஊதியமோ மருந்தோ நிறுத்தப்படும் இக்காலத்தில், இயந்திரம் செய்தது என்னும் விடையை ஏற்க இந்நெறியில் இடமில்லை. முதற்சொல்லைத் தொடுத்தவரும், அது எங்குச் சென்று முடியும் என்று பாராமல் இடைநின்று கடத்தும் நிரலை எழுதியவரும் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள்.