கால் கிலோ

போன மார்கழியில் ஒரு ராத்திரி என் அக்கா மகள் செல்போனை நீட்டி, "சித்தி, இதுக்கு லைசென்ஸ் வாங்க எவ்ளோ நாளாகும்?" என்று கேட்டாள். திரையில் ஒரு ரிவால்வர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் போலிருந்தது. வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த எங்கள் அத்தை எட்டிப் பார்த்தார். "இன்னாடி இது, நண்டுக்குஞ்சாட்டம் கீது?"

"கால் கிலோதான் ஆயா."

"கால் கிலோ நெத்திலிகூட பாக்க இதவிடப் பெருசா இருக்கும்."

நானும் அத்தையும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

அவளுக்கு 23 வயது. ஷிப்ட் முடிந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடப்பாக்கம் நிறுத்தத்தில் இறங்கும்போது மணி பத்தரை ஆகிவிடும். அங்கிருந்து குப்பம்வரை நடக்க வேண்டும். இரண்டு வாரமாக ஒரு பைக், விளக்கை அணைத்துவிட்டு, அவள் பின்னாலேயே மெதுவாக வந்துகொண்டிருந்தது. பேசவில்லை, தொடவில்லை. புகார் கொடுக்கப் போன இடத்தில், "அவன் உன்ன என்னம்மா பண்ணான்?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் பண்ணவில்லை என்று உண்மையைச் சொல்லியிருக்கிறாள். "அப்ப என்னன்னு எழுதறது?" ஒரு பெண்ணை விடாமல் பின்தொடர்வதே குற்றம் என்று 2013லிருந்து சட்டத்தில் இருக்கிறது. அந்த மேசைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

அவள் காட்டிய துப்பாக்கிக்கு 'நிடர்' என்று பெயர். 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூரில் உள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரைப் பெண்களுக்கென்று சொல்லிக் கொண்டுவந்தது. எடை சுமார் அரை கிலோ, விலை ஏறக்குறைய 1,22,000 ரூபாய். நகைப்பெட்டி போன்ற ஒரு மெரூன் பெட்டியில் வைத்து விற்றார்கள். அதைவிடச் சின்னதாக, விலையும் குறைவாக, அடுத்து வந்தது நிடர். இரண்டு பெயருக்கும் ஒரே பொருள்தான்: அச்சமில்லாத. பேருந்தையும் தெருவையும் பாதுகாக்க வேண்டிய அரசு, அச்சமின்மையை ஒரு பொருளாகச் செய்து நம்மிடமே விற்க வந்தது. அந்த நகைப்பெட்டியை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆயுதமே கொடுத்தாலும் சீர்வரிசை மாதிரிதான் கொடுப்பார்கள்.

ஆனால் எரிச்சல் பதிலாகிவிடாது. "வன்முறை தீர்வல்ல" என்று அவளிடம் சொல்ல என் வாய் வரவில்லை. அந்த வாக்கியத்தைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ராத்திரி பத்தரைக்கு அந்த ரோட்டில் நடக்காதவர்கள். அகிம்சையை வாழ்நாள் முழுதும் பேசிய காந்திகூட, தாக்கப்படும் பெண் அந்த நேரத்தில் இம்சையா அகிம்சையா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, நகத்தாலும் பல்லாலும் எதிர்க்கலாம் என்று எழுதியிருக்கிறார். சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வன்புணர்வு நோக்கத்தோடு தாக்குபவனைத் தடுக்கும்போது அவன் உயிர் போனாலும் அது தற்காப்பு உரிமைதான். பழைய தண்டனைச் சட்டத்தில் 100ஆவது பிரிவு அது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 38ஆவது பிரிவு. 2012இல் மதுரையில் ஒரு பெண், பெற்ற மகளையே சீரழிக்க வந்த கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்தார். அவன் இறந்துபோனான். மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த அஸ்ரா கார்க், இந்தப் பிரிவைச் சுட்டி அவரை விடுவித்தார். ஆகவே ஒரு பெண் திருப்பி அடிக்கலாமா என்பதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

குழப்பம் அந்தக் கால் கிலோவில்தான் இருக்கிறது. மட்டை வீட்டில் கிடந்தது, கைக்குக் கிடைத்தது, அந்தத் தாய் எடுத்தார். கைப்பைத் துப்பாக்கி அப்படி இல்லை. ஒருநாள் யாரையாவது கொல்ல வேண்டிவரலாம் என்று காலையிலேயே முடிவெடுத்து, டிபன் பாக்ஸோடும் பவுடர் டப்பாவோடும் அதைப் பையில் எடுத்து வைக்க வேண்டும். தினமும் வைக்க வேண்டும். அதன் ஒரே சிறப்பு, வெளியே தெரியாது என்பது. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டுச் சீமாட்டிகள் குளிருக்குக் கையை நுழைத்துக்கொள்ளும் உரோம உறைக்குள் வைத்துக்கொள்ளவென்றே குட்டித் துப்பாக்கிகள் செய்தார்கள். 1931 டிசம்பரில் கொமில்லாவில் மாஜிஸ்திரேட் ஸ்டீவன்ஸைச் சுட்ட சாந்தி கோஷும் சுனிதி சௌத்ரியும் பதினான்கு பதினைந்து வயதுப் பள்ளிச் சிறுமிகள். மனு கொடுக்க வந்தவர்களைப் போல உள்ளே போனார்கள். தேடிப் போய்ச் சுடுகிறவருக்கு மறைவு பயன்படும், ஏனென்றால் நேரத்தையும் தூரத்தையும் தேர்ந்தெடுப்பது அவர். பின்தொடரப்படுகிறவருக்கு அந்த இரண்டுமே கையில் இல்லை.

நான் அவளிடம் கேட்டேன்: அந்த பைக் முப்பது அடி பின்னால் வரும்போது சுடுவாயா? சட்டம் அனுமதிக்காது. அவன் இன்னும் தாக்கவில்லை. தாக்கும்போது? அப்போது அவன் கை உன் மேல் இருக்கும், உன் கை பையின் ஜிப்பில் இருக்கும். சுட அனுமதி உள்ள நொடியும் சுட முடிகிற நொடியும் அந்த ரோட்டில் சந்தித்துக்கொள்வதே அபூர்வம். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பையில இருக்குதுன்னு தெரிஞ்சாலே எனக்குப் பயம் இருக்காது சித்தி" என்றாள். இது பெரிய வாதம். பயமில்லாமல் நடப்பதே ஒரு சுதந்திரம்தான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

லைசென்ஸ் கதை வேறு. வக்கீல் தோழி ஒருத்தி விளக்கினாள். எங்களுக்கு செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸில் மனு. 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி, மனுதாரர் பகுதி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அறிக்கை வாங்க வேண்டும். அதாவது, புகாரையே எழுதிக்கொள்ளாத அதே மேசை, இவள் உயிருக்கு ஆபத்து உண்டு என்று எழுதித் தர வேண்டும். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அந்த நாட்களில் பைக்காரனுக்கும் விடுமுறை விடுவார்களா என்று அவள் கேட்டாள். யாருக்கு லைசென்ஸ் எளிதில் கிடைக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. நிலமும் சொத்தும் சிபாரிசும் உள்ள ஆண்களுக்குத்தான். கூடை சுமக்கிறவள் கேட்டால் அவள்மேலேயே சந்தேகம் வரும்.

கிடைத்துவிட்டாலும் துப்பாக்கி ராத்திரி வீட்டுக்குத்தான் வரும். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில், வன்புணர்வு வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணுக்குத் தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீடு, காதலித்தவன், வேலை கொடுத்தவன். மாமன் மகனைச் சுட எந்தப் பெண் கைப்பையைத் திறப்பாள்? பீரோ சாவி யாரிடம் இருக்கும், குடித்துவிட்டு வருகிறவன் அதை எப்போது எடுப்பான் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். மணிப்பூரில் துப்பாக்கியால் கணவனையும் பிள்ளைகளையும் இழந்த பெண்களைத் திரட்டியவர் பினலட்சுமி நெப்ரம். நிர்பீக் வந்தபோது அதை எதிர்த்துப் பேசிய முதல் குரல்களில் ஒன்று அவருடையது. அங்கே வீதியெங்கும் துப்பாக்கி இருந்தது, பெண்கள் பத்திரமாக இல்லை.

இதையெல்லாம் நான் அடுக்கிக்கொண்டிருந்தபோது அத்தை குறுக்கிட்டார். நாற்பது வருஷமாக செய்யூர், மதுராந்தகம் பக்கத்து ஊர்களுக்கு மீன் கொண்டுபோய் விற்றவர். கூடையில் எப்போதும் கத்தி இருக்கும். "மறைச்சு வச்சிக்கினா அவனுக்கு எப்படிடி தெரியும்? என் கத்தி கூடை மேலயே கெடக்கும். கண்டக்டர்லேர்ந்து டாஸ்மாக்குல நிக்கிறவன்வரைக்கும் பாத்துக்கினே இருப்பான். ஒருநாளும் ஓங்குனதில்ல."

மறைத்து வைத்த ஆயுதம் எந்தப் பெண்ணிடம் இருக்கிறதென்று தெரியாததால் எல்லாப் பெண்களையும் கண்டு ஆண்கள் அஞ்சுவார்கள் என்று துப்பாக்கியை ஆதரிப்பவர்கள் சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நூற்றில் ஒருத்திக்குக்கூட லைசென்ஸ் கிடைக்காத ஊரில், அந்த ஒருத்தி பத்திரமாக வீடு சேருவாள். பைக் அடுத்தவள் பின்னால் போகும். அத்தையின் கத்தியால் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவளும் பிழைத்தாள். அதைவிட முக்கியம், அந்தப் பெண்கள் தனியாக வந்ததே இல்லை. ஐந்தாறு பேர், சத்தமாகப் பேசிக்கொண்டு, கடைசி பஸ்ஸின் பின்சீட்டை மொத்தமாகப் பிடித்துக்கொண்டு வருவார்கள். என் அக்கா மகளின் ஷிப்ட்டில் கடப்பாக்கத்தில் இறங்குகிறவள் அவள் ஒருத்திதான். கூட்டாக வா என்று நான் யாரைக் காட்டிச் சொல்வது?

மறுநாள் ராத்திரியிலிருந்து அத்தை பத்து மணிக்கே போய் நிறுத்தத்தில் உட்கார ஆரம்பித்தார். மடியில் கூடை, கூடை மேல் கத்தி. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்காக்கள் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். பைக் வருவது நின்றுவிட்டது. அத்தைக்கு 68 வயது, மூட்டுவலி வேறு. பனியில் எத்தனை நாள் உட்காருவார் என்று தெரியவில்லை. அக்கா மகள் அந்தப் படத்தை இன்னும் போனிலிருந்து அழிக்கவில்லை. நானும் அழிக்கச் சொல்லவில்லை.