ஒரு பிடி மண்

வட இந்திய ஆசிரமம் ஒன்றில் சத்சங்கம் முடிந்தபின் ஒரு தாய் தயங்கியபடி வந்து வணங்கினார். "மகராஜ், குழந்தைக்கு உப்பும் கடுகும் சுற்றி அடுப்பில் போடுகிறேன். இது பாவமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் மிகப் பழைமையான மரபு ஒன்று உள்ளது. அதர்வ வேதம் நாயுருவிச் செடியை, பிறர் ஏவிய தீமையைத் துடைத்தெறியும் மூலிகையாகப் போற்றுகிறது. அவ்வேதத்தின் சடங்குகளைத் தொகுத்துரைக்கும் கௌசிக சூத்திரத்தில் புற்றுமண் நோய் தீர்க்கும் பொருளாக இடம்பெறுகிறது. ஆனால் பகைவனை வீழ்த்தும் அபிசாரச் சடங்குகளும் அதே மரபில் உள்ளன. மண்ணும் வேரும் எல்லோருக்கும் ஒன்றே. அவற்றைக் கையில் எடுப்பவனின் உள்ளமே வேறுபடுகிறது.

பிறரை அழிப்பதற்காகச் செய்யப்படும் தவம் தாமசமானது என்று பகவான் கீதையின் 17-ஆம் அத்தியாயத்தில் கூறுகிறார். தவத்திற்கே இந்நிலை என்றால், அச்சத்தாலும் பொறாமையாலும் செய்யப்படும் சடங்கைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ! அந்த அச்சம் வளர்ந்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் நாடு கண்டிருக்கிறது. சூனியக்காரி என்று முத்திரை குத்திப் பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்க, பீகாரில் 1999-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

அதர்வ வேதத்தின் 12-ஆம் காண்டத்தில் 63 மந்திரங்கள் கொண்ட பூமி சூக்தம் உள்ளது. அதில் ரிஷி பூமியைத் தாய் என்றும் தம்மை அவளுடைய மகன் என்றும் கூறுகிறார். அவளைத் தோண்டும்போதும், தோண்டிய இடம் விரைவில் மீண்டும் தழைக்க வேண்டும், அவளது இதயம் புண்படக் கூடாது என்று வேண்டுகிறார். சற்றுச் சிந்திப்போம். தாயிடமிருந்து ஒரு பிடி மண்ணைப் பெற்று, அதை அவளுடைய இன்னொரு குழந்தைக்கு எதிராகப் பயன்படுத்தலாமா? நாம் அஞ்சும் அண்டை வீட்டாரும் அவள் பெற்ற பிள்ளைகள் அல்லவா?

அந்தத் தாயிடம், "அம்மா, உப்பைச் சுற்றும்போது உங்கள் மனத்தில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"குழந்தைதான் மகராஜ்" என்றார். சற்று நேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு மெல்லிய குரலில், "கண் வைத்தவளும் இருக்கிறாள்" என்றார்.

எத்தனை நேர்மையான பதில்! அவரது உப்பில் பாவம் இல்லை; அதில் ஒரு தாயின் அன்பு இருக்கிறது. ஆனால் அந்த அன்போடு ஒரு துளி வெறுப்பும் கலந்துவிட்டது. "குழந்தையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவளை இறக்கிவிடுங்கள். முடிந்தால் அவளது குழந்தைக்காகவும் பிரார்த்தியுங்கள். காய்ச்சல் என்றால் முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள்" என்றேன். இறுதியாகச் சொன்னது மிக முக்கியம். பாம்பு கடித்தவருக்குப் புற்றுமண்ணைப் பூசிக்கொண்டு காத்திருந்தால் உயிரே போய்விடக்கூடும். நஞ்சுமுறி மருந்து கிடைக்கும் மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்வதே அங்கு தர்மம்.

பூமியில் உள்ள தூய நறுமணமாகத் தாமே விளங்குவதாகக் கீதையின் 7-ஆம் அத்தியாயத்தில் பகவான் அருளியிருக்கிறார். மழை பெய்ததும் எழும் மண்வாசனை, நண்பர் வீடு, பகைவர் வீடு என்று பார்த்து வீசுவதில்லை. மண்ணைத் தொடும்போதெல்லாம் அதனுள் உறையும் இறைவனை நினைப்போம். அந்த நினைவு நிலைத்த நெஞ்சில் அச்சத்திற்கு இடமேது? அத்தகைய நெஞ்சத்தைப் பூமித்தாய் நம் அனைவருக்கும் அருள்வாளாக!