நட்டம் யார் தலையில்?

கூட்டுறவுச் சங்கத்தில் நகை மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உரைகல்லும் தராசும் என் தொழில், சாத்திரம் படித்தவனில்லை. ஆனாலும் கும்பகோணத்தில் கோயில் பிரகாரத்தில் பார்க்கிறவர்கள் தங்கம் விலையைக் கேட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கி, "வட்டி வாங்குறது பாவமா சார்?" என்றும் கேட்கிறார்கள். ஓய்வூதியப் பணத்தை வங்கியில் போட்டிருப்பவர்கள்தான் கேட்பார்கள். கடன் வாங்கியவர்கள் யாரும் இதுவரை கேட்டதில்லை.

நம் கோயில்களே வட்டிக்குக் கொடுத்தவை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின்படி, ராஜராஜன் காலத்துக் கோயில் பணம் ஊர்ச்சபைகளுக்குக் கடனாகப் போயிருக்கிறது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 விழுக்காடு. சாமி பணத்துக்கே வட்டி உண்டென்றால் பாவம் எங்கே வந்தது என்று பலர் அத்தோடு மனசைத் தேற்றிக்கொள்கிறார்கள்.

எனக்கு மனசு தேறவில்லை. காரணம், சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆடுகள். அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகளை இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். சாவதில்லை, மூப்பதில்லை. செத்ததை ஈடுகட்டி 96 என்ற கணக்கைக் குறையாமல் வைத்திருப்பது இடையரின் பொறுப்பு. மழை பெய்து புல் தழைத்தால் பெருகிய குட்டிகள் அவருக்கு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மந்தையில் நோய் விழுந்த ஆண்டில் அந்த நெய் எங்கிருந்து வந்திருக்கும்? இடையர் வீட்டுப் பிள்ளைகள் அந்த ஆண்டு என்ன சாப்பிட்டிருப்பார்கள்? கல்வெட்டில் கொடுத்தவர் பெயர் இருக்கிறது, நெய்யின் அளவு இருக்கிறது. நோய் வந்த ஆண்டு இல்லை.

வட்டியைப் பற்றி எனக்குத் தெரிந்த தர்மம் இந்த ஓர் இடத்தில்தான் நிற்கிறது. கெட்ட காலம் வரும்போது நட்டத்தை யார் தூக்குவது?

இன்றைக்கு அந்தப் பேராடு நம் வீட்டுப் பெண்களின் கழுத்தில் கிடக்கிறது. 2020 தொடக்கத்தில் பவுன் முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது; 2025 அக்டோபரில் 95,000 ரூபாயைத் தாண்டியது. விலை ஏறினால் வைத்திருப்பவர்களுக்கு லாபம் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. கவுண்டரில் நான் பார்த்தது வேறு. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்த செயினை, அடுத்த ஜூனில் மீட்க வருவதில்லை. மாற்றி வைக்க வருகிறார்கள். விலை ஏறியிருப்பதால் அதே செயினுக்குக் கூடுதல் பணம் கிடைக்கும். அதில் பழைய வட்டியைக் கழித்துவிட்டு மிச்சத்தை வாங்கிப் போகிறார்கள். செயின் அதே நாலு பவுன்தான். அதன் மேல் ஏறிய கடன் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. நாற்று அழுகினாலும், கணவர் கட்டட வேலையில் கீழே விழுந்தாலும், தங்கம் விலை இறங்கினாலும் நட்டம் அடகு வைத்த அம்மாவுக்கே. கொடுத்தவருக்கு ஏலம் இருக்கிறது. "நகை மூழ்கிப்போச்சு சார்" என்று சொல்லும்போது அவர்கள் குரலில் கோபம்கூட இருக்காது. அதுதான் எனக்குத் தாங்காது.

தண்டல்காரரிடம் போனால் இன்னும் கொடுமை. 9,000 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் நூறு நாள் வசூல். ஆயிரம்தானே என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் வட்டி எண்பது விழுக்காட்டை ஒட்டி வரும். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாளாமல் ஒரு தம்பதி இரண்டு குழந்தைகளோடு தீக்குளித்தார்கள்.

நட்டம் யாருக்கு என்ற இந்தக் கேள்வியை மற்ற மதங்களின் வேதநூல்களும் தொட்டிருக்கின்றன. அடகாக வாங்கிய போர்வையைப் பொழுது சாய்வதற்குள் ஏழையிடம் திருப்பிக் கொடு, அவனுக்குப் போர்த்த வேறில்லை என்கிறது விவிலியத்தின் யாத்திராகமம். குர்ஆன் வட்டியை விலக்குவதோடு நிற்காமல், கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. சில ஊர்களில் ஜமாஅத்தின் பொது நிதியான பைத்துல்மால் வட்டியில்லாமல் நகைக்கடன் கொடுப்பது அந்த வழியில்தான். இரண்டு நூல்களும் வாங்கியவரின் கெட்ட நாளை முன்னால் வைத்துப் பேசுகின்றன.

ஆகவே பிரகாரத்தில் கேட்பவர்களுக்கு என் பதில் இது. உங்கள் வைப்புத்தொகைக்கு வரும் வட்டியும் யாரோ ஒருவர் கட்டுவதுதான். அதை வாங்குவது பாவமில்லை. கட்ட முடியாமல் ஒருவர் விழுந்து கிடக்கும்போது, என் கணக்கு மட்டும் குறையக் கூடாது என்று நிற்பது பாவம்.

அடுத்த முறை கையில் ஒரு தொகை சேர்ந்தால், வங்கிக்குப் போகுமுன் தம்பி மனைவியிடமும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். ரெண்டு வட்டிக்கு நகை வைத்திருக்கிறார்களா? அது மாதக் கணக்கு; ஆண்டுக்கு 24 விழுக்காடு. மீட்டுக் கொடுங்கள். வங்கி தரும் வட்டியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்; விளைச்சல் பொய்த்த ஆண்டில் அதையும் கேட்காதீர்கள்.