உயிர் திரும்பிய பின்



நோயாளருக்காக ஒப்புக்கொடுக்கும் இந்தத் திருப்பலியில், யாயிரின் மகளை ஆண்டவர் எழுப்பிய நிகழ்ச்சியை மார்க்கு நற்செய்தியிலிருந்து கேட்டோம். பன்னிரண்டு வயதுச் சிறுமி. வீடு முழுக்க ஒப்பாரி. ஆண்டவர் அழுது புலம்புகிற கூட்டத்தை வெளியே அனுப்புகிறார். பெற்றோரும் மூன்று சீடர்களும் மட்டும் உள்ளே போகிறார்கள். அவள் கையைப் பிடிக்கிறார். சிறுமி எழுந்து நடக்கிறாள். நாம் பெரும்பாலும் அந்த இடத்தோடு மனத்தை மூடிக்கொள்கிறோம். மார்க்கு அங்கே நிறுத்தவில்லை. சிறுமிக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கும்படி ஆண்டவர் வீட்டாரிடம் சொன்னதையும் எழுதி வைத்திருக்கிறார்.

பெத்தானியாவிலும் அப்படித்தான். இலாசர் கல்லறையிலிருந்து வெளியே வருகிறார். கைகால்கள் துணியால் கட்டப்பட்டிருக்கின்றன. அந்தக் கட்டுகளை அவிழ்க்கும் வேலையை ஆண்டவர் சுற்றி நின்ற ஊராரிடம் ஒப்படைக்கிறார். இறந்தவரை எழுப்பியவருக்குக் கட்டவிழ்ப்பதா பெரிய காரியம்? ஆனாலும் அதை நமக்கென்று விட்டுவைத்தார். திரும்பி வந்த உயிரைப் பேணுவது நம் கையில் தரப்பட்ட ஊழியம். இன்று நான் உங்களிடம் பேச விரும்புவது இந்த ஊழியத்தைப் பற்றித்தான்.

உயிர் திரும்பிய பின் வரும் மணிநேரங்கள் எவ்வளவு ஆபத்தானவை என்பதை மருத்துவ உலகம் மெல்ல மெல்லத்தான் கற்றுக்கொண்டது. மூளை நம் உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே வேண்டும். எடுத்துவைத்துப் பிறகு செலவழிக்க அதனிடம் சேமிப்பு இல்லை. இதயம் நின்றால் சில நொடிகளில் நினைவு தப்பும். நாலைந்து நிமிடங்களில் மூளையின் செல்கள் சாகத் தொடங்கும். இது பலருக்கும் தெரியும். இதயத்தை மீண்டும் துடிக்க வைத்த பிறகும் சேதம் தொடர்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வறண்டு வெடித்த வாய்க்காலில் மதகை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் கரை உடைவதுபோல, பட்டினி கிடந்த மூளைக்குள் இரத்தம் திரும்பப் பாயும்போது புதிதாக ஒரு கேடு தொடங்குகிறது. செல்களுக்குள் கால்சியம் அளவுமீறி நுழைகிறது. தீங்கான வேதிப்பொருள்கள் பெருகுகின்றன. வீக்கம் ஏறுகிறது. மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் இது நீள்கிறது. காய்ச்சலும் சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசம்.

இங்கேதான் குளிர்ச்சி துணைக்கு வருகிறது. உடல் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் மூளையின் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய 6 முதல் 7 விழுக்காடு குறையும். கேடு விளைவிக்கும் அந்த வேதிமாற்றங்களும் வேகம் தணியும்.

1999 மே 20 அன்று நார்வே நாட்டின் நார்விக் நகருக்கு அருகே நடந்ததைச் சொல்கிறேன். அன்னா போகன்ஹோல்ம் என்ற சுவீடன் நாட்டு இளம் மருத்துவர் பனிச்சறுக்கில் வரும்போது தடுமாறி, உறைந்திருந்த ஓடைக்குள் விழுந்தார். பனிக்கட்டிக்கு அடியில் சிறிதளவு காற்று இருந்த இடத்தில் மூச்சுவிட்டுக்கொண்டு ஏறக்குறைய 40 நிமிடம் நினைவோடு இருந்தார். பிறகு அசைவு நின்றுவிட்டது. விழுந்து 80 நிமிடம் ஆன பிறகே அவரை வெளியே இழுக்க முடிந்தது. நாடி இல்லை, மூச்சு இல்லை. ஹெலிகாப்டரில் மார்பை அழுத்திக்கொண்டே திரோம்சோ மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். அங்கே பார்த்தபோது உடல் வெப்பம் 13.7 டிகிரி செல்சியஸ். இறந்துவிட்டார் என்று எழுதிக் கையொப்பமிட எல்லாக் காரணமும் இருந்தது. அவர்கள் எழுதவில்லை. இதய நுரையீரல் இயந்திரத்தில் அவருடைய இரத்தத்தை வெளியே எடுத்து, சூடாக்கி, திரும்பச் செலுத்தினார்கள். நின்ற இதயம் துடித்தது. நாள்கள் கழித்துக் கண்விழித்தபோது கழுத்துக்குக் கீழே எதையும் அசைக்க முடியவில்லை. பல மாதங்கள் பிறர் கையில் வாழ்ந்தார். பின்னாளில் தம்மைக் காப்பாற்றிய அதே மருத்துவமனையில் கதிரியக்க மருத்துவராகப் பணிபுரிந்தார். இதயம் நிற்குமுன்பே உடல் குளிர்ந்துபோயிருந்ததால்தான் அவருடைய மூளை தப்பியது.

இதைக் கேட்டவுடன், குளிர்ச்சியே மருந்து என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 2002இல் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த இரண்டு ஆய்வுகள், இதயம் நின்று மீண்டவர்களை 33 டிகிரி அளவுக்குக் குளிரூட்டினால் பலன் உண்டு என்றன. ஐரோப்பிய ஆய்வில் குளிரூட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேர் நல்ல நிலையில் மீண்டார்கள். மற்றவர்களில் 39 பேர். உலகமெங்கும் அதைப் பின்பற்றினார்கள். 2021இல் 1,800க்கும் மேற்பட்ட நோயாளரை வைத்து மறுபடி சோதித்தபோது, காய்ச்சல் வராமல் மட்டும் பார்த்துக்கொண்டவர்களைவிடக் குளிரூட்டப்பட்டவர்கள் கூடுதலாகப் பிழைக்கவில்லை. அதனால் இன்று பெரியவர்களுக்குக் காய்ச்சல் வராமல் காப்பதற்கே முதலிடம்.

பச்சிளங்குழந்தைகளின் கதை வேறு. பிரசவத்தில் தொப்புள்கொடி நெரிபட்டோ, நச்சுக்கொடி முன்னதாகவே பிரிந்தோ, மூளைக்கு இரத்தமும் ஆக்சிஜனும் தடைபட்டு, அழாமல் துவண்டு பிறக்கும் குழந்தைகள் உண்டு. வசதியுள்ள நாடுகளில் அத்தகைய குழந்தையைப் பிறந்த 6 மணி நேரத்துக்குள் குளிரூட்டத் தொடங்கி, 33.5 டிகிரியில் 72 மணி நேரம் வைத்திருக்கிறார்கள். அது இறப்பையும் ஊனத்தையும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்டிருக்கிறது.

அந்த அறையை ஒருமுறை மனக்கண்ணால் பாருங்கள். குழந்தைகளைக் கதகதப்பாக வைப்பதற்கென்றே செய்த வார்மர், தலைக்கு மேல் அணைக்கப்பட்டிருக்கிறது. மேலாடை இல்லாமல், குளிர்நீர் ஓடும் மெத்தையில் குழந்தை கிடக்கிறது. மானிட்டரில் 33.5. தொட்டால் உள்ளங்கால் சில்லென்று இருக்கிறது. கையில் துணியோடு வாசலில் நிற்கும் பாட்டிக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை குளிரில் விறைக்கிறதே, சுற்றிவிட வேண்டாமா என்கிறார். பால் கட்டிய மார்போடு தாய் அப்பால் உட்கார்ந்திருக்கிறாள். வாரி எடுத்து அணைக்கக் கை துடிக்கிறது. அவள் தன் கையை அடக்கிக்கொள்கிறாளே, அந்த மூன்று நாளில் அவள் செய்யும் தாய்மை அதுதான். கடவுள் என்னைக் கைவிட்டாரா என்று அந்த அறைக்கு வெளியே கேட்கும் பெற்றோரிடம் நான் சொல்வது ஒன்றே: அந்தக் குளிரும் அவருடைய கைதான். மூன்று நாள் முடிந்த பிறகும் அவசரம் கூடாது. மணிக்கு அரை டிகிரிக்கு மேல் போகாமல் மெதுவாகத்தான் சூடேற்றுவார்கள்.

நம்முடைய நாடுகளைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளில், சென்னை உட்பட ஏழு மருத்துவமனைகளில், 408 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2021இல் முடிவு வெளிவந்தது. குளிரூட்டப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள். வழக்கமான பராமரிப்பு பெற்றவர்களில் 31 பேர். மேலைநாடுகளில் காப்பாற்றும் முறை இங்கே காப்பாற்றவில்லை. இங்குள்ள குழந்தைகளில் பலருக்குப் பிரசவத்துக்கு முன்பே, கருப்பையிலேயே சேதம் தொடங்கிவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நல்லது செய்ய இறங்கி, நினைத்தது நடக்காதபோது அதை மறைக்காமல் உலகுக்குச் சொன்ன அந்த மருத்துவர்களுக்காகவும், பிள்ளைகளை ஒப்படைத்த பெற்றோருக்காகவும் இந்தப் பலியில் நன்றி செலுத்துகிறேன். அவர்கள் சொன்னதால் இன்று வேறு எத்தனையோ குழந்தைகளுக்கு அந்தத் தீங்கு நேராமல் போகும்.

அரசர்கள் இரண்டாம் நூலில் சூனேம் ஊர்ப் பெண்ணின் மகனைப் பற்றி வாசிக்கிறோம். அறுவடைக் களத்தில் தலை வலிக்கிறது என்று கத்தினான். தாயின் மடியில் நண்பகல்வரை கிடந்து இறந்தான். இறைவாக்கினர் எலிசா வந்து கதவைச் சாத்திக்கொண்டு மன்றாடுகிறார். பிள்ளைமேல் குப்புறப் படுக்கிறார். உடலில் சூடு ஏறுகிறது. ஆனால் கண் திறக்கவில்லை. எலிசா எழுந்து வீட்டுக்குள் இங்குமங்கும் நடக்கிறார். மறுபடி போய்க் குனிகிறார். அதன்பிறகே சிறுவன் தும்மிக் கண் திறக்கிறான். இதை நான் மருத்துவப் பாடமாக வாசிக்கவில்லை. சூடு வந்ததற்கும் கண் திறந்ததற்கும் நடுவில் அந்த இறைவாக்கினர் நடந்த நடை என் மனத்தை விட்டுப் போவதில்லை. இறைவனின் மனிதருக்கே காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் வீட்டைவிட்டுப் போய்விடவில்லை.

நம் பங்கிலும் அப்படி ஒரு நடுவில் நிற்கிற குடும்பங்கள் உண்டு. மாரடைப்பிலிருந்து மீண்டு வீடு வந்த தகப்பன், சொன்னதையே திரும்பச் சொல்கிறார். பிறந்தவுடன் அழாத குழந்தைக்கு இரண்டு வயதாகியும் நடை வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஊரே போய்ப் பார்த்தது. வீட்டுக்கு வந்த பிறகு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. உயிர் பிழைத்ததே போதும் என்று நாம் சாட்சி சொல்லி முடித்துவிடுகிறோம். அவர்களுக்கோ கட்டுகள் இன்னும் அவிழவில்லை.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கர்ப்பிணிகளே, வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்தால் மறுநாள்வரை பொறுத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். எவராவது நினைவின்றி விழுந்து மூச்சு நின்றால் 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை மார்பை அழுத்துவது எப்படி என்று இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் ஐஸ் கட்டி வைத்து நீங்களாக எதுவும் செய்யாதீர்கள். குளிரூட்டுவது மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே செய்ய வேண்டிய சிகிச்சை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கூட்டம் போடாதீர்கள். அன்பிய உறுப்பினர்களே, அப்படி மீண்டு வந்தவர் உங்கள் தெருவில் யார் என்று உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் அந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோங்கள். ஒருமுறை போனதோடு நிறுத்தாமல் அடுத்த மாதமும் போங்கள்.