கூலிக்குச் செய்த கொலை எவருடையது?

போரைத் தனியார் கம்பெனிகள் கூலிக்கு எடுத்து நடத்துவது இக்காலத்துப் புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். நாம் அங்ஙனம் எண்ணுவதற்கில்லை. கொல்கத்தா மைதானத்தருகே நிற்கும் வில்லியம் கோட்டையின் பெயரால் ஆட்சி நடத்திய கிழக்கிந்தியக் கம்பெனி, லண்டன் நகரத்துப் பங்குதாரர்களின் வணிகக் கம்பெனியே அன்றோ? அது பட்டுத்துணியும் வெடியுப்பும் விற்றதைப் போலவே ஒருகால் போரையும் விற்றது.

1773-ஆம் ஆண்டில் வங்காளத்துக் கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸ் காசி நகரில் அயோத்தி நவாப் சுஜா உத் தௌலாவைச் சந்தித்தார். நவாபுக்கு அண்டையிலிருந்த ரோகில்கண்டு நாட்டின்மேல் ஆசை, கம்பெனிக்கோ பணமுடை. 40 லட்சம் ரூபாய்க்கும், களத்திலிருக்கும் காலத்துப் படைச் செலவுக்கும் கம்பெனியின் பட்டாளம் ஒன்று வாடகைக்குப் பேசப்பட்டது. ரோகில்லாக்கள் கம்பெனியின்மேல் படையெடுத்தவரல்லர். ஆயினும் 1774 ஏப்ரல் 23-ஆம் நாள் மீரான்பூர் கட்ராவில் அவர்கள் முறியடிக்கப்பட்டனர். தலைவர் ஹாபிஸ் ரஹ்மத் கான் களத்தில் மாண்டார். அடுத்து நவாபின் ஆட்கள் ஊர்களைக் கொளுத்தினர். அதைக் கண்டு பொறாமல் கம்பெனித் தளபதி கர்னல் சாம்பியனே கல்கத்தாவுக்கு முறையிட்டு எழுதினார்.

இப்பாவம் எவருடையது? சிப்பாயைக் கேட்டால் தளபதியைக் காட்டுவான். தளபதி கல்கத்தாக் கவுன்சிலைக் காட்டுவார். கவுன்சில் நவாபைக் காட்டும். நவாபோ, தாம் பணம் கொடுத்ததாகவும் சுட்டவர் வேறு என்றும் சொல்லலாம். லண்டனில் லாபப் பங்கை வாங்கியவர்க்கு ரோகில்கண்டு எத்திசையிலுள்ளது என்பதும் தெரிந்திராது. 1786-இல் பிரிட்டிஷ் பொதுச்சபை ரோகில்லாப் போர் பற்றிய குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டது. பிற குற்றச்சாட்டுகளின் பேரில் 1788-இல் தொடங்கிய விசாரணையும் 1795-இல் ஹேஸ்டிங்ஸின் விடுதலையோடு முடிந்தது.

ஆலையில் உழைத்தோர்க்கு இவ்வித்தை நன்கு விளங்கும். இயந்திரத்தில் ஒருவன் கை போனால், “அவன் காண்டிராக்டரின் ஆள்” என்பர் மேலிடத்தார். “ஆலை அவர்களுடையது” என்பான் காண்டிராக்டர். நடுவில் கை இழந்தவன் நிற்பான். போர்க்களத்திலும் ஒப்பந்தம் செய்யும் வேலை இதுவே. அது கூலியை மட்டும் பேசுவதில்லை. பழியைத் துண்டு துண்டாக்கி, ஒருவர் கையிலும் முழுதாக நில்லாதபடி செய்கிறது.

நம் காலத்திலும் இது நடந்தது. 2007 செப்டம்பர் 16-ஆம் நாள் பாக்தாத் நகரத்து நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் என்னும் அமெரிக்கக் கம்பெனியின் காவலர் சுட்டதில் பொதுமக்கள் 17 பேர் மாண்டனர். ஆக்கிரமிப்பு நிர்வாகம் 2004-இல் திருத்தி வெளியிட்ட 17-ஆம் எண் உத்தரவு, அத்தகைய ஒப்பந்தக்காரரை இராக்கியச் சட்டத்துக்கு அப்பால் நிறுத்தியிருந்தது. 2014-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் நால்வர் குற்றவாளிகளெனக் காணப்பட்டனர். 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் அவர்களுக்கு மன்னிப்பு அளித்தார். செத்தவர்களின் வீட்டார் எந்தக் கதவைத் தட்டுவது?

“அரசனின் போர்வீரனும் சம்பளத்துக்குத்தானே சண்டையிடுகிறான்? இதில் பேதம் என்ன?” என்று அன்பர்கள் வினவலாம். கொலையளவில் பேதமில்லை என்பதை நாம் ஒப்புகிறோம். ஆனால் அரசன் தன் பெயரால் போர் செய்தால் குடிகள் அவனைக் கேள்வி கேட்க இடமுண்டு. போரே பிழைப்பானவனுக்குச் சமாதானம் நட்டக்கணக்கு.

ஆயினும் வயிற்றுக்காகச் சென்றவனையும் லாபத்துக்காக அனுப்பியவனையும் ஒரே தட்டில் நிறுத்துதல் நியாயமன்று. 2004 ஆகஸ்டில், ஜோர்டான் வழியாக ஒப்பந்த வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்ட நேபாளத் தொழிலாளர் 12 பேர் இராக்கில் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் எவரையும் கொல்லச் சென்றவரல்லர்.

பகவான் விலக்கிய ஐந்து வாணிபங்களுள் ஆயுத வாணிபம் முதலாவது. மனிதரை விற்பது அடுத்தது. ஆளையும் ஆயுதத்தையும் சேர்த்தே வாடகைக்கு விடும் தொழில் இவ்விரண்டினுள்ளும் அடங்குமென்பது எமது துணிபு. எண்ணமே வினை என்றும் அவர் போதித்தார். ஆகவே கடனைப் பங்கிட்டுக் குறைக்கலாம். வினையை அங்ஙனம் குறைக்க இயலாது. ஒரு விளக்கினின்று பத்து விளக்கு ஏற்றினும் முதற்சுடர் குறைவதில்லை. எண்ணியவன், ஏவியவன், விலை பேசியவன், அறிந்தே லாபம் உண்டவன் ஆகிய ஒவ்வொருவரிடமும் அவரவர் வினை முழுதாகவே நிற்கும்.

அசோகனை நினைமின். கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதையும் ஒன்றரை லட்சம் பேர் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டதையும் அவன் பிறர்மேல் ஏற்றவில்லை. தன் போரின் விளைவென்று கல்லில் வெட்டுவித்து வருந்தினான். வருந்தியதால் திருந்தினான். கம்பெனிக்கு வருந்தும் உள்ளம் ஏது? கணக்குப் புத்தகம் மட்டுமே உண்டு.

2008-இல் சில நாடுகள் கூடி வெளியிட்ட மோன்ட்ரோ ஆவணம், போர் வேலையைத் தனியாரிடம் ஒப்படைப்பதால் அரசின் கடமை நீங்காது என்று கூறுகிறது. நல்ல சொல், எனினும் அது கட்டுப்படுத்தும் சட்டமன்று. சட்டம் வரும்வரை நாம் வாளாவிருக்கலாகாது. அயல்நாட்டு வேலையென்று ஏஜெண்டு காகிதம் நீட்டுகையில், “எவர் வேலை? எந்த இடம்? எனக்கு ஒன்று நேர்ந்தால் பொறுப்பு எவர்? என்னால் பிறர்க்கு நேர்ந்தால் பொறுப்பு எவர்?” என்று நம் பிள்ளைகள் கேட்கப் பழகுதல் வேண்டும். கடைசிக் கேள்விக்குக் காகிதத்தில் விடை இல்லையேல், அக்கூலியைத் தொடாதிருப்பதே நன்று.